பிள்ளையின் தலை ஒரு பக்கம் சப்பையா?

கிள்ளான் வட்டாரத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு நாலு மாதம். பின்தலை வலப்பக்கம் சப்பையாகிவிட்டதாம். மாமியார் தினமும் எண்ணெய் தேய்த்து அமுக்கிப் பார்க்கிறார், மாற்றமில்லை. தலைக்கு ஒரு கவசம் மாட்டினால் சரியாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு விசாரித்தால், விலை ஆயிரக்கணக்கான வெள்ளி. சங்கிலியை அடகு வைக்கலாமா என்பதே அவர் கேள்வி.

சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும், சகோதரி. ஆனால் பிள்ளையை இந்த வாரமே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பணம் செலவழிக்க அவசரம் வேண்டாம். காட்டுவதற்கு மட்டும் அவசரம் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பு அல்ல. பல தகடுகள் அடுத்தடுத்து நிற்க, அவற்றின் நடுவே தையல் போட்டாற்போல் இடைவெளிக் கோடுகள் இருக்கும். உச்சியில் துடிக்கும் மெத்தென்ற இடமும் அப்படிப்பட்ட இடைவெளிதான். பிறக்கும்போது சுமார் 35 சென்டிமீட்டராக இருக்கும் தலைச் சுற்றளவு ஒரு வயதுக்குள் 46 சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். அவ்வளவு வேகமாக மூளை வளர இந்தக் கோடுகள்தாம் இடம் கொடுக்கின்றன. எலும்பு மெத்தென்று இருப்பதால், பிள்ளை ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் அந்தப் பக்கம் தட்டையாகிவிடும். கொல்லையில் காய்த்த பூசணி, தரையில் கிடக்கும் பக்கம் சப்பையாவதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோலத்தான்.

இது அபூர்வமும் அல்ல. கனடாவின் கால்கரி நகரில் இரண்டு மூன்று மாதக் குழந்தைகள் 440 பேரைப் பார்த்து 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 47 குழந்தைகளுக்குத் தலை ஓரளவு தட்டையாக இருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் லேசானதுதான். இப்படிப் படுத்துத் தட்டையாவதால் மூளை நெருக்கப்படுவதில்லை. பிள்ளை படிப்பில் மந்தமாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

முன்பைவிட இப்போது இது அதிகமாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. தூக்கத்திலேயே கைக்குழந்தைகள் திடீரென்று இறப்பதைத் தடுக்க, குழந்தைகளைக் குப்புறப் போடாமல் தூங்கவைக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-ல் சொன்னது. அந்த நாட்டில் அத்தகைய இறப்புகள் சுமார் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. தட்டைத் தலைகள் கூடின. அதற்காக யாரும் பிள்ளையைக் குப்புறப் போட்டுத் தூங்கவைத்துவிடாதீர்கள். தலைச் சப்பை பிறகு சரியாகும். போன உயிர் வராது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? விழித்திருக்கும் நேரத்தில் பிள்ளையைக் குப்புறப் போடுங்கள். உங்கள் மார்பின் மேலோ, மடியிலோ, பாயிலோ போட்டு, பக்கத்திலேயே இருங்கள். முதலில் இரண்டு மூன்று நிமிடம். அழுதால் எடுத்துவிட்டு மறுபடி போடலாம். ஏழு வாரத்துக்குள் நாளொன்றுக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடம் வரை வந்துவிட வேண்டும். தூங்கப் போடும்போது இன்று தலை வைத்த பக்கம் நாளை கால் வரட்டும். பிள்ளை வெளிச்சத்தையும் உங்கள் முகத்தையும் தேடித்தான் திரும்பும். ஆகவே தட்டையில்லாத பக்கமாகத் திரும்பும்படி படுக்கையை மாற்றிப் போடுங்கள். புட்டிப்பால் கொடுப்பவர்கள் எப்போதும் ஒரே கையில் ஏந்தாமல் கையை மாற்றுங்கள்.

அன்று தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. இன்று தாய் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். பிள்ளை அடுக்குமாடி வீட்டில் பாட்டியிடமோ, பிள்ளை பார்க்கும் அம்மாவிடமோ இருக்கிறது. பகல் முழுவதும் பார்ப்பவருக்கு இதைச் சொல்லாமல் தாய் மட்டும் இரவில் செய்தால் பலன் குறைவு.

பாட்டிமாருக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள், அந்தக் கைப்பக்குவம் எங்களுக்கு வராது. ஆனால் தலையை அமுக்கி உருட்ட வேண்டாம். அமுக்குவதால் எலும்பு உருண்டையாகாது. நடுவில் பள்ளம் வைத்து, தலை உருண்டையாகும் என்று விற்கும் தலையணைகளும் வேண்டாம். மூச்சு முட்டும் ஆபத்து உண்டென்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2022-ல் எச்சரித்திருக்கிறது.

இனி, கிளினிக்கில் காட்டச் சொன்னதன் காரணம். இரண்டு விஷயங்களை நம் கண்ணால் முடிவு செய்ய முடியாது. ஒன்று கழுத்து. சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகியிருக்கும். அதனால்தான் ஒரே பக்கம் திரும்பிப் படுக்கிறார்கள். இதைச் சுளுக்கு என்று உருவிவிடாதீர்கள். உடற்பயிற்சி சிகிச்சையாளர் சொல்லித்தரும் மெதுவான பயிற்சியால் பெரும்பாலும் சரியாகிவிடும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

மற்றொன்று முக்கியமானது. சுமார் 2,000 முதல் 2,500 பிள்ளைகளில் ஒருவருக்கு, தகடுகளுக்கு இடையிலுள்ள கோடு நேரத்துக்கு முன்பே ஒட்டிக்கொள்ளும். அது படுக்கையால் வருவதல்ல; படுக்கையை மாற்றினாலும் போகாது. பல சமயம் அறுவைச் சிகிச்சை தேவைப்படும், அதுவும் முதல் ஆண்டுக்குள் செய்வதே நல்லது. பிறக்கும்போதே தலை கோணலாக இருந்து நாளுக்கு நாள் கூடுவது, கோட்டின் மேல் கயிறு போன்ற மேடு தடவினால் தெரிவது, தலைச் சுற்றளவு ஏறாமல் நிற்பது ஆகியவை கவனிக்க வேண்டியவை. படுத்துத் தட்டையான தலையை மேலிருந்து பார்த்தால், அந்தப் பக்கத்துக் காது பெரும்பாலும் சற்று முன்னே தள்ளியிருக்கும். இருந்தாலும் இதை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

கவசத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1979-லேயே டாக்டர் கிளாரன் குழுவினர் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். வழக்கமாக நாளுக்கு 23 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். நம்மூர் வெக்கையில் அது பிள்ளைக்கு என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். நெதர்லாந்தில் 84 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஐந்து ஆறு மாத வயதில் கவசம் மாட்டி, மற்றவர்களைச் சும்மா விட்டுப் பார்த்தார்கள். இரண்டு வயதில் முழுக்கச் சரியானவர்கள் கவசம் போட்டவர்களில் நூற்றுக்கு 26, போடாதவர்களில் 23. வித்தியாசம் ஒன்றுமில்லை என்று 2014-ல் வெளியிட்டார்கள். மிகக் கடுமையான கோணல் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மற்ற வழிகளைச் செய்தும் நடுத்தரத்துக்கு மேற்பட்ட கோணல் நீடித்தால் கவசம் உதவும் என்று அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்கள் 2016-ல் கூறினார்கள். ஆகவே கவசம் வேண்டுமா என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள், விற்காத மருத்துவரிடம் கேளுங்கள்.

முதலில் உங்கள் அரசாங்கத் தாய் சேய் கிளினிக். மிஸி ஒவ்வொரு முறையும் அளந்து எழுதிய தலைச் சுற்றளவு பிள்ளையின் புத்தகத்தில் இருக்கும். அதை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் சந்தேகப்பட்டால் கடிதம் கொடுத்து, கிள்ளானில் உள்ளவர்களைத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு அனுப்பக்கூடும். மேற்கொண்டு போக வேண்டுமானால் கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனையும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் இருக்கின்றன. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் எல்.ஆர்.டி. கிடைக்கும். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் குடிமக்களுக்குப் பொதுப் பிரிவில் ஒரு வெள்ளி, நிபுணர் பிரிவில் ஐந்து வெள்ளிதான் கட்டணம். பிறப்புப் பத்திரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அது இல்லாவிட்டால் வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள். மாதம் ஒரு முறை பிள்ளையின் தலையை மேலிருந்து ஒரு படம் எடுத்து வைத்தால், கூடுகிறதா குறைகிறதா என்று டாக்டருக்குக் காட்டலாம்.