நெட்டுருவும் மூலமும்

பங்குனி வெயில் உறைக்கத் தொடங்கும் இந்நாட்களில் மாலை வேளையில் திருவல்லிக்கேணிப் பக்கம் போகிறவர்கள், பாரதி சாலை என்று பெயர் மாறி நெடுங்காலம் ஆகியும் பழக்க தோஷத்தால் பைகிராப்ட்ஸ் ரோடு என்றே பலர் சொல்லிவரும் அந்தத் தெருவின் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளின் முன்னே, கல்லூரி மாணவர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அட்டை கிழிந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியைக் காணத் தவறமாட்டார்கள். சென்ற வாரம் நாம் அங்கே நின்றிருந்தபோது ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் ஒருவர் வந்து 'மாக்பெத்' இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "டெக்ஸ்டா, கைடா தம்பி?" என்றார்.

"கைடுதாண்ணே."

"டெக்ஸ்ட் நல்லா இருக்கு. கோடு கீடு ஒண்ணும் போடல. இருபது ரூபா குடுத்துட்டு எடுத்துக்க."

மாணவர் சிரித்துக்கொண்டே தலையசைத்துவிட்டார். கோடு கீடு ஒன்றும் போடாத மூலம், அதாவது முன்பு வைத்திருந்த புண்ணியவானும் பிரித்துப் பார்த்திராத மூலம், இருபது ரூபாய்க்கும் விலைபோகாமல் மறுபடி அடுக்கிலே செருகப்பட்டது.

சிற்றிதழ் ஒன்று பரீட்சையைப் பற்றித் தலையங்கம் எழுதுவானேன் என்று சந்தாதாரர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கி, ஒரு கதையையோ கவிதையையோ வரிவரியாக எடுத்துவைத்து அலசிப் பார்க்கும் வழக்கத்தைத் தமிழில் நிலைநாட்ட முயன்றபோது, அந்த முயற்சிக்கு ஆங்கில விமர்சன நூல்களின் பரிச்சயம் ஓர் உரமாக இருந்தது என்பதும், நகுலனைப்போல் ஆங்கிலப் பேராசிரியராகவே வாழ்க்கையை நடத்திக்கொண்டு தமிழில் எழுதியவர்கள் நம்மிடையே இருந்தார்கள் என்பதும் வாசகர் அறிந்த விஷயம். ஆங்கில இலக்கிய வகுப்பில் உண்டாகும் படிப்புப் பழக்கம், அது நல்லதானாலும் கெட்டதானாலும், சில வருஷங்களில் நம் இதழ்களுக்கு வரும் கட்டுரைகளிலும் மதிப்புரைகளிலும் வந்து நிற்கிறது. ஆகவே இது நம் வீட்டு விவகாரமும்தான்.

இந்தப் பாடம் நம் தேசத்தில் பரீட்சையின் மடியிலேயே பிறந்தது. இந்திய சிவில் சர்வீஸுக்குப் போட்டித் தேர்வின் மூலம் ஆளெடுப்பது எப்படி என்று 1854இல் மெக்காலேயின் தலைமையில் கூடிய குழு, ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்கு 1500 மதிப்பெண்களும், கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தலா 750ம், சமஸ்கிருதத்துக்கும் அரபுக்கும் தலா 375ம் ஒதுக்கிற்று. அந்தக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு எதைப் படித்தால் உத்தியோகம் என்று வேறு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்கென்று தனி ஹானர்ஸ் படிப்பு வந்ததோ 1894இல், கேம்பிரிட்ஜில் 1917இல். ஷேக்ஸ்பியரின் சொந்த நாட்டில் இவ்விரு பல்கலைக்கழகங்களும் அவரைத் தனிப் பட்டப் படிப்புக்கு உரிய பாடமாக ஏற்பதற்கு வெகுகாலம் முன்பே நம் பாட்டனார்கள் அவரைப் பற்றி விடை எழுதித் தேறியிருக்கிறார்கள், தவறியுமிருக்கிறார்கள். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியின் வில்லியம் மில்லர் போன்றவர்கள் லியர் அரசனிலும் மாக்பெத்திலும் நீதிபோதனையைத் தேடி வியாக்கியானப் புத்தகங்களே எழுதினார்கள். ரசனைக்கு முன்னால் மதிப்பெண் வந்துவிட்ட பாடத்தில், நோட்ஸ் என்பது இடையில் நுழைந்த நோய் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அதற்காக நெட்டுருவைப் பழிப்பவர்களின் கூட்டத்தில் சேரவும் நாம் தயாராயில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆத்திசூடியையும் நிகண்டையும் அர்த்தம் தெரிவதற்கு முன்பே பாடம் செய்தார்கள், உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதி அந்தாதியாகப் பாடம் கேட்ட வரலாற்றை அவருடைய சுயசரிதத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்தக் காலத்து நெட்டுருவில் மனத்துக்குள் போனது மூலம். உரை பின்னால், வயதும் அனுபவமும் கூடக்கூட, அவரவர் சக்திக்கேற்ப வந்து சேர்ந்தது. இன்றைய மாணவர் உருப்போடுவதோ உரையை மட்டும். நாடகத்தில் ஒரு வரியும் நினைவில்லாமல், அந்நாடகத்தின் பாத்திரப் படைப்பைப் பற்றி யாரோ எழுதிவைத்த நாலு பக்கத்தைக் கமா பிசகாமல் ஒப்பிக்கும் மாணவருடைய ஞாபக சக்தியைக் கண்டு நாம் வியக்கிறோம். அந்தச் சக்தியில் பாதியை மூலத்துக்குச் செலவிட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கூடவே ஏங்குகிறோம்.

நாம் மாத்திரம் என்ன வாழ்ந்தோம்? நாம் படித்த கல்லூரியில் ஷேக்ஸ்பியர் நடத்திய பேராசிரியர், மஞ்சளேறிய ஒரு நோட்டுப் புத்தகத்தை மேஜைமேல் விரித்து, காற்புள்ளி முற்றுப்புள்ளி உட்பட அனைத்தையும் வாயாலேயே சொல்லி எழுதவைப்பார். ஹாம்லெட்டின் தயக்கத்தைப் பற்றி அவர் சொன்ன வாக்கியங்களின் கம்பீரத்தில் நாங்கள் சொக்கிப்போயிருந்தோம். பட்டம் வாங்கிப் பல வருஷம் கழித்து, 1904இல் வெளியான ஏ. சி. பிராட்லியின் ஷேக்ஸ்பியர் துன்பியல் நாடகங்களைப் பற்றிய நூலை ஒரு நூலகத்தில் எடுத்துப் பிரித்தபோது, பக்கத்துக்குப் பக்கம் எங்கள் பேராசிரியரின் குரல் கேட்டது. ஷேக்ஸ்பியரின் ஆவியே உத்தியோகப் பரீட்சை எழுத வந்து, பிராட்லியைப் படிக்காத குற்றத்தால் 'லியர் அரசன்' வினாத்தாளில் கோட்டைவிட்டதாக கய் போவாஸ் என்ற ஆங்கிலேயர் வேடிக்கையாக எழுதிய செய்யுளைப் பின்னொரு நாள் படித்தபோது சிரிப்பு வந்தது. அடிமனத்தில் சற்று வெட்கமும் வந்தது.

கட்டுரை என்பது எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு அதே மாக்பெத்தைப் பற்றி ஓர் உத்தமமான உதாரணம் இருக்கிறது. டங்கன் மன்னனைக் கொன்ற கை இன்னும் காயாதிருக்கும் நேரத்தில் கோட்டைக் கதவை யாரோ தட்டுகிறார்கள். அந்த ஓசை சிறுவயது முதலே தம்மை ஏன் அப்படிக் கலக்குகிறது என்பது தமக்கு விளங்கவேயில்லை என்ற ஒப்புதலோடு தாமஸ் டி குவின்ஸி தம் சிறு கட்டுரையைத் தொடங்குகிறார். 1823இல் வெளியான அக்கட்டுரை சில பக்கங்களே கொண்டது. கொலை நடக்கும்போது மனித உலகம் ஸ்தம்பித்து நின்றுவிடுகிறது, கதவு தட்டப்படும்போதுதான் அதன் நாடி மறுபடி ஓடத் தொடங்குகிறது என்று அவர் கண்டுகொள்வதற்கு ஆயுளில் பாதி ஆகியிருக்கிறது. அவருடைய மூலதனம் ஒரு திகைப்பு. அதை அவர் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

நம் மாணவர்களுக்குத் திகைப்பு இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. அதற்கு மதிப்பெண் உண்டென்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நம் இதழுக்கு மெய்ப்புப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவுகிற ஒரு மாணவி, பள்ளி முழுவதும் தமிழ் வழியில் படித்தவர், ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை பயில்கிறார். மாக்பெத்தின் பேராசையைப் பற்றி மூன்றரைப் பக்கம் பாடம் செய்து வைத்திருந்தார், ஒப்பித்தும் காட்டினார். நாம் புத்தகத்தைப் பிரித்து, ஐந்தாம் அங்கத்தின் முதற்காட்சியை, மாக்பெத்தின் மனைவி தூக்கத்தில் நடந்து கைகழுவும் காட்சியை, உரக்கப் படிக்கச் சொல்லி, இதில் உனக்கு என்ன உறுத்துகிறது என்று கேட்டோம். சற்று நேரம் மௌனம்.

"அந்தம்மா பக்கத்துல எப்பவும் விளக்கு எரியணும்னு உத்தரவாம் சார். அந்தத் தாதி டாக்டர்கிட்ட சொல்றாங்க. கண்ணு தொறந்திருக்கு, ஆனா பார்வை இல்லன்னும் சொல்றாங்க. பார்க்காதவங்களுக்கு விளக்கு எதுக்கு சார்?"

"முதல் அங்கத்துல இதே அம்மா எதைக் கூப்பிட்டாங்க?"

பக்கங்கள் புரண்டன. "இருட்டை! நல்லா கும்மிருட்டா வரணும்னு கேக்கறாங்க சார், செய்யப்போறது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு." பிறகு, மெய்ப்புப் பார்த்துப் பழகிய கண் அல்லவா, இரண்டு பக்கங்களையும் அருகருகே பிடித்துக்கொண்டு, "இன்னொண்ணு சார். முன்னாடி வரி எல்லாம் வெட்டி வெட்டி நிக்குது. இங்க மார்ஜின் வரைக்கும் ஓடுது" என்றார்.

அதாவது, முன்பு செய்யுளில் பேசிய சீமாட்டி இப்போது உரைநடையில் உளறுகிறாள். அச்சுக் கோப்பின் அகலத்தைக் கொண்டே அந்தப் பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டார். இருட்டை அழைத்தவள் விளக்குக்கு உத்தரவிடுவதும், யாப்பில் நிமிர்ந்து நின்ற பேச்சு கட்டவிழ்ந்து சிதறுவதும் ஒரு கட்டுரைக்குப் போதாதா? பேராசையைப் பற்றிய வினாவானாலும், பயத்தைப் பற்றிய வினாவானாலும், மனச்சாட்சியைப் பற்றிய வினாவானாலும் இவ்விரண்டு கவனிப்புகளும் எங்கும் வளைந்து கொடுக்கும். பாடம் செய்த மூன்றரைப் பக்கமோ ஒரே ஒரு வினாவுக்குத்தான் பொருந்தும். வினா ஒரு சொல் மாறி வந்தாலும் திருமணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு இழவு வீட்டுக்குப் போன கதையாகிவிடும்.

இந்த வியாதி நமக்கு மட்டுமே உரியது என்று தாழ்வு மனப்பான்மை கொள்ள வேண்டாம். கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் பதின்மூன்று கவிதைகளை ஆசிரியர் பெயரை மறைத்து மாணவர்களிடம் கொடுத்து அபிப்பிராயம் எழுதச் சொன்னார். நல்ல கல்வி பெற்ற அந்தப் பிள்ளைகள் சாமானியப் பொருளையே தவறவிட்டதையும், கைவசமிருந்த தயார் உணர்ச்சிகளை அள்ளி வீசியதையும் 1929இல் ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளில் 2015 முதல் நடப்பிலிருக்கும் ஜி.சி.எஸ்.இ. என்ற பொதுத்தேர்வின் பாடத்திட்டத்தில் நாடகத்தையோ நாவலையோ பரீட்சைக் கூடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது; ஆகவே அங்கும் மேற்கோள்களை மனப்பாடம் செய்கிறார்கள்; கருத்து, சான்று, விளக்கம் என்று பத்திக்குப் பத்தி ஒரே அச்சில் வார்க்கும் சூத்திரமும் அங்கு உண்டு. ஆனாலும் அவர்கள் மனப்பாடம் செய்வது மூலத்தின் வரிகளை என்ற அளவில் நம்மைவிடப் பரவாயில்லை.

பழியை மாணவர்மேல் மட்டும் சுமத்துவது தர்மமாகாது. முந்தைய வருஷங்களின் வினாத்தாள்களைப் பார்த்தால் அடுத்து வரப்போவதை ஆரூடம் சொல்லிவிடலாம் என்ற நிலையில் வினா எடுப்பவர் இருக்கிறார். கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துகிறவரோ, ஒரே பத்தியை நாற்பதாம் முறை படிக்கும் அலுப்பில், கறுப்பு மையால் அடிக்கோடிட்ட மேற்கோள் எத்தனை, நூலில் கோத்துக் கட்டிய அடிஷனல் ஷீட் எத்தனை என்று கண்ணால் அளந்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகிறார். அந்த மேற்கோள்களில் சில, 'ஒரு விமர்சகர் கூறுவதுபோல்' என்ற முன்னுரையோடு மாணவர் அந்தக் கணத்தில் தாமே இயற்றியவை என்பது திருத்துகிறவருக்கும் தெரியும். (அவற்றில் சில அசல் விமர்சகர் வாக்கைவிட நன்றாகவே இருப்பதுண்டு என்று நண்பர் ஒருவர் சத்தியம் செய்கிறார்.) ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பிழையில்லாமல் அமையுமோ அமையாதோ என்ற பயத்தில் நடுங்குகிற, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்கு, உருப்போட்ட பத்தி மழைக்கு ஒதுங்கும் திண்ணை. திண்ணையை இடித்துவிட்டு மழையில் நட என்று சொல்வது ஆசிரியருக்கு அழகன்று.

நாம் வேண்டுவது அதிகமில்லை. முதல் மாதம் முழுவதும் நோட்ஸைக் கண்ணில் காட்டாமல் வகுப்பில் மூலத்தை உரக்கப் படிக்க வேண்டும். உறுத்தியதை, வியந்ததை, புரியாததை மாணவர் தமிழிலேயே பேசட்டும். யோசனை தாய்மொழியில் தெளிந்துவிட்டால் அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் இறக்கிவைப்பது ஒரு பருவத்துக்குள் கைகூடுகிற காரியம். நாடகத்துக்கு இருபது வரி பாடம் செய்தால் போதும். எந்த இருபது என்பதை அவரவரே தேர்ந்துகொள்ள வேண்டும், ஏனெனில் தேர்வு என்ற சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டல்லவா. பரீட்சைக் கூடத்தில் வினாவை இருமுறை படித்து, அதில் எந்தச் சொல் சுமையைத் தாங்குகிறதென்று கண்டு, எழுதத் தொடங்குமுன் பத்து நிமிஷம் பேனாவை மூடிவைத்துக்கொண்டு சும்மா இருக்கும் தைரியத்தையும் பழக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் இதுதான் மிகக் கடினமான பத்து நிமிஷம். சுற்றியிருப்பவர்கள் அதற்குள் முதல் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள்.

அந்த மாணவி போன புதன்கிழமை பரீட்சை எழுதிவிட்டு நேரே நம் அலுவலகத்துக்கு வந்தார். மாக்பெத்தின் பேராசையைப் பற்றிய வினாவே வந்திருந்ததாம். மூன்றரைப் பக்கமும் நாக்கு நுனியில் நின்றதாகவும், அதை விட்டுவிட்டு விளக்கைப் பற்றியும் வரிகளின் ஓட்டத்தைப் பற்றியும் எழுதியதாகவும் சொன்னார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, குடித்த தம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"பக்கத்து பெஞ்சுப் பொண்ணு ஆறு அடிஷனல் ஷீட் வாங்கினா சார். நான் ரெண்டுதான் வாங்கினேன்."

நமக்கும் அந்தக் கவலை இருக்கிறது.