ஒலி போடும் பிள்ளையின் பெயரும் அழைப்பிதழில் வரட்டும்

பள்ளி ஆண்டு விழாவில் மனுநீதிச் சோழன் நாடகத்துக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. பசு வேடமிட்ட சிறுமி கயிற்றை இழுத்ததும் ஆராய்ச்சி மணி ஒலிக்க வேண்டும். அது ஒலித்தால்தான் அரசன் எழுவான், கதை நகரும். அந்த மணியோ, அன்று மாலைதான் வந்திறங்கிய மைக்செட்காரரின் கைப்பேசியில் இருக்கிறது. அவர் ஒத்திகையைப் பார்த்தவரல்லர். திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆசிரியை கையை ஆட்டுவார். மைக்செட்காரர் பொத்தானைத் தேடுவதற்குள் பசு மூன்று முறை இழுத்துவிடும். அரங்கம் சிரிக்கும். சில சமயம் மணிக்குப் பதில் விளம்பரம் பாடும்.

மைக்செட்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஒலி போடுவது நாடகத்தின் ஒரு பகுதி என்றே நாம் நினைப்பதில்லை. தெருக்கூத்தில் முகவீணைக்காரரும் மத்தளக்காரரும் ஆடுகளத்திலேயே உட்கார்ந்து, ஆடுபவரின் காலைப் பார்த்து வாசிக்கிறார்கள். பென்டிரைவில் இசை வந்ததும் பார்த்து வாசிக்கிற அந்தக் கண்ணை விட்டுவிட்டோம்.

பள்ளியில் நாடகம் போடுகிற தமிழாசிரியை என்ற முறையில் நான் கேட்பது ஒன்றுதான்: முதல் ஒத்திகையிலிருந்தே ஒலிக்கென ஒரு மாணவரை அமர்த்துங்கள்.

என் பிள்ளைகளுக்கு நான் தருவது ஒரு நோட்டு. எந்த வசனத்தின் கடைசிச் சொல்லில் ஒலி தொடங்கும், எத்தனையாவது கோப்பு, எவ்வளவு சத்தம், சட்டென நிற்குமா மெல்லத் தேய்ந்து மறையுமா என்று நான்கு பத்திகள். கோப்புகளுக்குப் பாட்டின் பெயர் கிடையாது. 01, 02, 03 என்று எண் மட்டும். தேர்ச்சக்கர ஓசையைத் தேவையான நீளத்துக்கு வெட்ட ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். மடிக்கணினியிலிருந்து மிக்சருக்கு வயரில்தான் இணைக்க வேண்டும். ப்ளூடூத்தில் ஒலி ஒரு கணம் பிந்தி வரும். பாட்டுக்கு அது தெரியாது, மணிக்குத் தெரியும். கைப்பேசிதான் கதி என்றால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட வேண்டும். காலி அரங்கில் சரியாக இருந்த சத்தம், கூட்டம் நிறைந்ததும் அடங்கிப்போகும். அதனால் ஒத்திகையில் குறித்த அளவைவிடச் சற்றுக் கூட்டத் தயாராக இருக்க வேண்டும். இதையெல்லாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும்.

கற்க நாளாவது வேறொன்று. கன்று இறந்ததை அறிந்த அரசன் பேச்சற்று நிற்கும்போது சோகப் புல்லாங்குழலை ஓடவிடக் கை துறுதுறுக்கும். விடாமல் இருக்கத் தெரிய வேண்டும். நடிக்கிற பிள்ளை வசனம் மறந்தால் இசையைக் கொஞ்சம் நீட்டிக் காப்பாற்றவும் தெரிய வேண்டும். ஒத்திகை முழுதும் கூட இருந்தவருக்கே இது வரும்.

"பிள்ளைகளிடம் கொடுத்தால் சாமானை உடைத்துவிடும்" என்பார்கள். ஆம்ப்ளிஃபயரும் ஒலிபெருக்கியும் மைக்செட்காரர் பொறுப்பிலேயே இருக்கட்டும். எப்போது ஒலிக்க வேண்டும் என்பது மட்டும் மாணவர் கையில் இருக்கட்டும். மேடைக்கூச்சத்தால் ஒதுங்குகிற எத்தனையோ பிள்ளைகளுக்கு நாடகத்துக்குள் வர இது ஒரு வாசல்.

அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. நாடகக் குழுவுக்குச் சான்றிதழ் தரும்போது ஒலி இயக்கியவருக்கும் ஒன்று தரலாம். ஆண்டு விழா அழைப்பிதழில் அரசன், அமைச்சர், பசு என்ற வரிசையில் 'ஒலி' என்று ஒரு வரி சேர்க்க அச்சகத்தில் தனிக்கூலி கேட்கப்போவதில்லை.