கிளியூர் குளிருக்கு டீசல் ஹீட்டர் வேண்டுமா?

கேரவன் என்றால் ஒரு காலத்தில் சினிமா நட்சத்திரங்களின் சமாச்சாரம். இப்போது அப்படி இல்லை. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. பழைய வேனை வாங்கி, கட்டிலும் அடுப்பும் பொருத்தி மலையேறுகிறவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு ஏற்காடு ரொம்ப வசதி. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, அவ்வளவுதான். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் 300 அடி உயரத்திலிருந்து விழும் கிளியூர் அருவி, காப்பித் தோட்டம், பனிமூட்டம்... பகல் முழுக்க சொர்க்கம்.

ராத்திரி என்ன செய்வது? தகரப் பெட்டி மாதிரியான வேனுக்குள் குளிரும் ஈரமும் இறங்கும்போது ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். கொஞ்சம் கரியைப் பற்ற வைத்து உள்ளே வைக்கலாம், எஞ்சினை ஓடவிடலாம், ஜெனரேட்டர் போடலாம் என்று. இந்த மூன்றுமே ஆளைக் கொல்லும் யோசனைகள். மிகைப்படுத்தி சொல்வதல்ல இது.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூரில், மூடிய அறைக்குள் கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கிய கேரள சுற்றுலாப் பயணிகள் 8 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய இளைஞர்கள் இருவர் எழுந்திருக்கவே இல்லை. அதே வருடம் டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். வண்டியின் ஜெனரேட்டர் புகை உள்ளே புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்களின் ஆய்வில் தெரியவந்தது.

மூன்றிலும் கொலையாளி ஒன்றுதான்: கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு மூச்சு முட்டும் உணர்வுகூட வராது. தூக்கம் அப்படியே நீண்டுவிடும்.

டீசல் ஹீட்டருக்கு மரியாதை கிடைப்பது இந்த இடத்தில்தான். லாரிகளுக்கும் படகுகளுக்குமென்று ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஸ்பேஷர் போன்ற கம்பெனிகள் பல வருடங்களாகச் செய்துவரும் சாதனம் இது. உள்ளே இரண்டு தனித்தனி காற்றுப் பாதைகள். ஒன்று வெளியிலிருந்து காற்றை இழுத்து, டீசலை எரித்து, புகையைக் குழாய் வழியாக வெளியிலேயே விட்டுவிடும். இன்னொன்று வண்டிக்குள் இருக்கும் காற்றை இழுத்து, சூடான உலோகத்தின் மேல் ஓடவிட்டுத் திருப்பி அனுப்பும். இரண்டும் கலக்கவே கலக்காது. எரிவதால் உண்டாகும் நீராவியும் புகையோடு வெளியே போய்விடுவதால், உள்ளே வருவது வறண்ட சூடு. புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரில் இந்த வசதி கிடையாது.

கரன்ட் ஹீட்டர் போதாதா என்றால், பிளக் கிடைக்கும் இடத்தில் தாராளமாகப் போதும். பேட்டரியில் நடக்காது. 1000 வாட் ஹீட்டர் 12 வோல்ட் பேட்டரியில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒரு மணி நேரத்தில் காலி. டீசல் ஹீட்டரோ, பற்ற வைக்கும் சில நிமிடங்கள் தவிர, ஒரு சின்ன பல்பு அளவுக்குத்தான் கரன்ட் கேட்கும்.

சரி, எதை வாங்குவது? நம்ம ஊர் வழக்கப்படி "பெரிசா வாங்கிப் போடு" என்பார்கள். இங்கே அது தப்பு. 5 கிலோவாட் ஹீட்டரை ஒரு சின்ன வேனில் வைத்தால் அது எப்போதும் குறைந்த தீயில்தான் ஓடும். குறைந்த தீயிலேயே ஓடினால் கரி படியும், படிந்தால் அடைக்கும். வேனுக்கு 2 கிலோவாட் போதும். இன்னொரு விஷயம் உயரம். மேலே போகப் போகக் காற்று மெலியும், அதே அளவு டீசலுக்கு ஆக்சிஜன் பற்றாது, கரி அதிகமாகும். 1500 மீட்டருக்கு மேல் தனி ஏற்பாடு வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு. ஏற்காடு சரியாக அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஊட்டி 2200 மீட்டரைத் தாண்டும். ஆகவே, உயரத்துக்கேற்ப டீசல் அளவை மாற்றிக்கொள்ளும் மாடலா என்று கேட்டு வாங்குவது உத்தமம்.

செலவுக் கணக்குக்கு வருவோம். ஓர் இரவு 8 மணி நேரத்துக்கு 1 முதல் 2 லிட்டர் டீசல். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 100 முதல் 200 ரூபாய். இது மாறும் செலவு, பெரிதில்லை. நிலையான செலவுதான் கவனிக்க வேண்டியது. ஹீட்டர் விலையையும் பொருத்தும் கூலியையும் வருடத்தில் உபயோகிக்கும் இரவுகளால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஏற்காட்டில் நடு டிசம்பரில்கூட குளிர் பெரும்பாலும் 12, 13 டிகிரியோடு நின்றுவிடும். வருடத்துக்கு நாலு இரவு கிளியூர் பக்கம் வந்து போகிறவருக்கு நல்ல கம்பளி, வண்டியின் சுவருக்கும் கூரைக்கும் வெப்பம் தடுக்கும் ஷீட், மூச்சின் ஈரம் போக விரற்கடை திறந்த ஜன்னல், இவையே போதும். அவருக்கு ஹீட்டர் தண்டம். பனி உறையும் ஊட்டிக்கும் அதற்கு மேல் வடக்கேயும் அடிக்கடி போகிறவருக்கு அது நியாயமான முதலீடு.

வாங்குவதென்று முடிவெடுத்தவர் சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. மலிவான சீன ஹீட்டரே வாங்கினாலும், புகைக்குழாய் கனமானதாக, இணைப்புகள் இறுக்கமாக இருக்க வேண்டும். குழாயின் வாய் வண்டிக்கு அடியிலேயே முடியாமல், ஜன்னலுக்கும் காற்று இழுக்கும் துளைக்கும் விலகி வெளியே நீள வேண்டும். இரண்டு பாதையும் கலக்காது என்ற உத்தரவாதமெல்லாம் அந்தக் குழாய் ஓட்டையில்லாமல் இருக்கும் வரைதான். கூடவே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று. ஹீட்டர் வாங்காதவரும் இதை வாங்க வேண்டும். ஏனென்றால் பக்கத்தில் நிற்கும் வண்டிக்காரர் ஜெனரேட்டர் போடுவாரா மாட்டாரா என்பது யாருக்கும் தெரியாது.

பட்ஜெட் இடித்தால் ஹீட்டரை விடலாம், அலாரத்தை விடக் கூடாது. குளிரில் ஒரு ராத்திரி நடுங்கினால் காலையில் சூடாக ஒரு காப்பி குடித்துச் சரிக்கட்டிவிடலாம். கரியை உள்ளே வைத்துத் தூங்கியவருக்கு அந்தக் காலையே வராது.