ஓபி பேப்பரும் எங்க ஊரு ஆறும்

நேத்து ராத்திரி ஊர்ல இருந்து சித்தி மவன் போன் பண்ணினான். வி.கே.புரத்துல பன்னெண்டு முடிச்சிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேர்ந்திருக்கான். நலம் விசாரிப்பு எல்லாம் ரெண்டு நிமிஷம்தான். அப்புறம் நேரா கேட்டான்: "அண்ணே, கோடிங் படிக்கத்தானே சேர்ந்தோம், தமிழர் மரபுன்னு ஒரு பேப்பர் இருக்கு, இங்கிலீஷ் இருக்கு, சுற்றுச்சூழல் வேற வருமாம். இதெல்லாம் சும்மா ஓபி அடிக்கிற பேப்பர் தானே?"

"ஆமால, விடு"ன்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு. எனக்கு என் சீனியர் அப்படித்தான் சொன்னாரு. ஆனா சொல்ல முடியல. அதுக்குக் காரணம் ஒரு பழைய ரெக்கார்ட் நோட்டு. அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

முதல்ல தமிழ் பேப்பர். அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கீழ வர்ற பொறியியல் கல்லூரிகள்ல 2022-23 கல்வியாண்டுல இருந்து முதல் செமஸ்டர்ல 'தமிழர் மரபு', ரெண்டாவதுல 'தமிழரும் தொழில்நுட்பமும்'னு வெச்சாங்க. நான் படிச்சப்போ (2014-18) இது கிடையாது. கலைக் கல்லூரிக்குப் போன என் கூட்டாளிகள் பாகம் ஒண்ணு தமிழ், பாகம் ரெண்டு ஆங்கிலம்னு படிச்சாங்க. நாங்க "நமக்கெல்லாம் தமிழே இல்ல மாப்ள"ன்னு பெருமை அடிச்சோம். இதுல என்ன பெருமைன்னு இன்னைக்கு வரைக்கும் புரியல :-)

பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். பொறாமையாத்தான் இருந்துச்சு. ஏரி, மதகு, முத்துக்குளித்தல், கட்டடக் கலை, கடைசியில தமிழ்க் கணினி வரைக்கும் இருக்கு. சோழர் காலத்துக் குமிழித் தூம்புன்னு ஒரு தலைப்பு. ஏரிக்குள்ள கல் தொட்டி மாதிரி கட்டி, மேல ஒரு துளை, கீழ சின்னத் துளைகள். மேல் துளை வழியா தெளிஞ்ச தண்ணி வயலுக்குப் போகும், கீழ்த் துளை வண்டலை இழுத்துட்டுப் போயிரும். நீரோடி, சேறோடின்னு பேரு. மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது, ஏரி தன்னைத் தானே தூர் வாரிக்கும். நாலு வருஷம் டிசைன் டிசைன்னு பேசினோம், இப்படி ஒண்ணை யாரும் எங்களுக்குக் காட்டல.

குறை என்னன்னா, ஒரே ஒரு கிரெடிட். அஞ்சு யூனிட்டுக்கும் சேர்த்து மொத்தம் 15 பீரியட். பாறை ஓவியத்துல ஆரம்பிச்சு, தெருக்கூத்து, சிலம்பம், திணை, சுதந்திரப் போராட்டம் எல்லாத்தையும் 15 பீரியட்ல ஓட்டணும்னா எப்படி ஓடும்? அது பாடமா இருக்காது, பஸ் ஜன்னல்ல பார்க்கிற ஊரு மாதிரி இருக்கும். அதனால தம்பிகிட்ட சொன்னேன், எல்லாத்தையும் பிடிக்கப் பார்க்காத, ஒண்ணைப் பிடிச்சுக்க. நம்ம ஊர்க்காரனுக்கு வசதி வேற. தாமிரபரணியில கோடைமேலழகியான்ல இருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு, ஆதிச்சநல்லூர், சிவகளை எல்லாம் பஸ் ஏறிப் போயிட்டு வர்ற தூரம். சிவகளையில தாழிக்குள்ள கிடைச்ச நெல்லோட காலம் கி.மு. 1155னு 2021-ல அறிவிச்சாங்களே, அந்த இடம்தான்.

இங்கிலீஷ் பேப்பர் பத்தி நிறைய சொல்ல வேண்டாம். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம் படிச்சவன் நான். டெக்னிக்கல் இங்கிலீஷ் வகுப்புல கடைசி பெஞ்ச், லெட்டர் ரைட்டிங்கை மனப்பாடம் பண்ணி பாஸ். தப்பாப் பேசினா பரவாயில்லைன்னு இருந்த ஒரே இடம் அந்த வகுப்புதான்னு, அப்புறம் கேம்பஸ் இன்டர்வியூ குரூப் டிஸ்கஷன்ல வாய் ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தப்போ தெரிஞ்சுது. மூணு கம்பெனி அப்படிப் போச்சு. நாலாவதுல எப்படியோ தேறினேன்.

புரொபஷனல் எத்திக்ஸ்? எலெக்டிவ்ல "ஈசியா பாஸ் பண்ணலாம்"னு எடுத்தேன். 1986-ல சேலஞ்சர் விண்கலம் வெடிச்சு ஏழு பேர் செத்த கதை அதுல வந்துச்சு. குளிர்ல ரப்பர் வளையம் தாங்காது, ஏவாதீங்கன்னு முந்தின நாள் ராத்திரியே பொறியாளர்கள் சொல்லியும் மேல உள்ளவங்க கேட்கல. பரீட்சைக்கு அது 16 மார்க் கேள்வி. இன்னைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் "டெஸ்டிங் அப்புறம் பார்த்துக்கலாம், ரிலீஸ் பண்ணு"ன்னு மேனேஜர் சொல்றப்போ அந்த வளையம் ஞாபகத்துக்கு வருது. ரிலீஸ் பண்ணிட்டுத்தான் இருக்கேன், அது வேற விஷயம்.

இப்போ அந்த ரெக்கார்ட் நோட்டு.

சுற்றுச்சூழல் பாடம் யாரோ அதிகாரி ஆசைப்பட்டுக் கொண்டு வந்ததுன்னு நெனச்சிருந்தேன். அப்படி இல்ல. எம்.சி.மேத்தாங்கிற வக்கீல் போட்ட பொதுநல வழக்குல, 1991-ல உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலை எல்லா மட்டத்துலயும் கட்டாயப் பாடமா ஆக்கச் சொல்லுச்சு. பத்து வருஷத்துக்கு மேல இழுத்தடிச்சு, 2003 டிசம்பர்ல கோர்ட் மறுபடி கண்டிப்பாச் சொல்ற அளவுக்குப் போச்சு. பல்கலைக்கழக மானியக்குழு எல்லா இளநிலைப் படிப்புக்கும் ஆறு மாசப் பாடம்னு ஒண்ணை வகுத்துச்சு. ஒரு மனுஷன் கோர்ட் படி ஏறி வாங்கிக் கொடுத்த பாடம். அதுல களப்பணியும் உண்டு. பக்கத்துல இருக்கிற ஆறு, குளம், மலை, மாசுபட்ட இடம் ஏதாவது ஒண்ணை நேர்ல போய்ப் பார்த்து எழுதணும்.

நான் பாபநாசத்துக்காரன். ஆத்துல குளிச்சு வளர்ந்தவன். மூணாவது செமஸ்டர்ல எனக்குக் கிடைச்ச தலைப்பு தாமிரபரணி. லீவுக்கு வீட்டுக்குப் போனா வாசல்ல இருந்து பத்து நிமிஷம் நடை. நான் என்ன பண்ணினேன்? சீனியரோட ரெக்கார்டை வாங்கி, பேரை மட்டும் மாத்தி, ஹாஸ்டல்ல உட்கார்ந்து ஒரே ராத்திரியில எழுதினேன். அதுல பி.எச். அளவு 7.2னு போட்டு, "ஆற்றங்கரையில் உள்ள தோல் தொழிற்சாலைகளின் கழிவால் நீர் மாசடைகிறது"ன்னு ஒரு வரி.

எங்க ஊர்ல எங்கல தோல் ஷாப்பு இருக்கு? இருந்தது ஹார்வி மில்லு, அது நூல் மில்லு. சீனியர் யார்கிட்ட காப்பி அடிச்சாரோ, அவரு எந்த ஆத்தைப் பத்தி எழுதினாரோ! பெரும்பாலும் கங்கையாத்தான் இருக்கணும். அதே மேத்தா 1980கள்ல கான்பூர் தோல் ஷாப்புகள் மேல போட்ட வழக்கு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கும். கங்கைத் தண்ணியை எடுத்து எங்க ஆத்துல ஊத்திருக்கேன். எங்க மேடம் படிக்காமலே கையெழுத்துப் போட்டாங்க. அவங்களையும் குறை சொல்ல முடியாது, அறுபது நோட்டு. பரீட்சையில எனக்கு 'ஏ' கிரேடு.

அடுத்த வருஷம் எங்க தாத்தா தவறிட்டாரு. காரியம் பாபநாசத்துலயேதான். ஊர் ஊரா ஜனங்க பாவம் தொலைக்க, திதி கொடுக்க வர்ற இடம், எங்களுக்கு அது உள்ளூர். சடங்கு முடிஞ்சதும் உடுத்தின வேட்டியை ஆத்துல விட்டுரணும்னு சொன்னாங்க. எல்லாரும் விட்டாங்க. நானும் விட்டேன். திரும்பி ஏறும்போது படித்துறைக்குக் கொஞ்சம் கீழ ஒரு அண்ணாச்சி தொரட்டிக் கம்பை வெச்சு இடுப்பளவு தண்ணியில நின்னு துணியா இழுத்துக் கரையில போட்டுக்கிட்டு இருந்தாரு. வேட்டி, சேலை, பாவாடை, துண்டு, ஆள் உயரத்துக்குக் குவியல். நான் பார்க்கிறதைப் பார்த்துட்டு, "போன அமாவாசைக்கு விட்டதே இன்னும் அடியில கெடக்கு தம்பி"ன்னாரு.

கோபமா எல்லாம் சொல்லல. சும்மா தகவல் மாதிரி சொன்னாரு.

நான் எழுத வேண்டியிருந்த களப்பணி அறிக்கை அதுதான். மீன் அந்தத் துணிக்குள்ள மாட்டுமா, பாலியஸ்டர் எத்தனை வருஷம் கெடக்கும், பக்தர்கள் மனசு நோகாம இதை எப்படி நிறுத்தலாம், கரையிலயே ஒரு தொட்டி வெச்சா போடுவாங்களா, அந்த அண்ணாச்சிக்குக் கூலி யாரு கொடுக்கிறா? ஒண்ணு கூடக் கேட்கல. பாடத்துல 'ஏ' வாங்கினவன் வேட்டியை ஆத்துல விட்டுட்டு ஈரத் துண்டோட நின்னேன்.

தப்பு மாணவன் மேல மட்டும்னு நான் சொல்ல மாட்டேன். நேர்ல போய்ப் பார்னு கோர்ட் வரைக்கும் போய் வாங்கின பாடத்தை, மூணு மணி நேரப் பரீட்சையா, அஞ்சு யூனிட் கைடு புத்தகமா நாமதான் சுருக்கினோம். எம்.ஐ.டி.யில எந்த எஞ்சினியரிங் படிச்சாலும் இலக்கியம், கலை, சமூக அறிவியல்னு எட்டுப் பாடம் எடுத்தே ஆகணுமாம். ஆனா எந்த எட்டுன்னு பெரும்பாலும் மாணவன் தேர்ந்தெடுக்கலாம். இங்க கட்டாயத்தை மட்டும் எடுத்துக்கிட்டோம், தேர்வை விட்டுட்டோம். நான் சொன்னா எவன் கேட்கப் போறான்! நாம ஆணி புடுங்குற ஆளு.

இதையெல்லாம் தம்பிகிட்ட அரை மணி நேரம் கொட்டினேன். "ம்"... "ம்"... னு கேட்டுக்கிட்டே இருந்தான். உருப்படுவான்னு நெனச்சேன். போனை வைக்கப் போறப்போ கேட்டான்:

"அண்ணே, அந்த ரெக்கார்ட் நோட்டு இன்னும் வெச்சிருக்கீங்களா?"

இருக்கு. ஊர்ல, பரண் மேல. தர மாட்டேன்னு சொல்லிட்டேன். ஆடி அமாவாசைக்கு மறுநாள் நேரா படித்துறைக்குப் போல, அந்த அண்ணாச்சி இருந்தா பேசிட்டு எனக்குப் போன் பண்ணுன்னு சொல்லிருக்கேன். போறானா பார்ப்போம்.