கதம்பம் என்ற பாராட்டு

"இந்த இசைத்தட்டில் எல்லா ரகமும் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அதை நாம் பாராட்டு என்றே எடுத்துக்கொள்கிறோம். எனக்கோ அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. எல்லா ரகமும் இருப்பது ஜவுளிக் கடைக்கு அழகு. பாட்டுக்கும் அதுதான் அழகா என்று சற்று நின்று யோசிக்க வேண்டாமா?

இப்படிப் பாராட்டி அநியாயம் செய்யப்பட்ட ஒரு தட்டைப் பற்றிச் சொல்கிறேன். 1974-ல் பிரையன் டி பால்மா எடுத்த 'பான்டம் ஆப் தி பாரடைஸ்' என்ற அமெரிக்கப் படத்தின் தட்டு அது. பெரிய ஸ்டூடியோவின் பணத்தில் உருவான படமல்ல. எட்வர்ட் பிரெஸ்மன் என்ற தயாரிப்பாளர் வெளியே பணம் திரட்டி எடுத்து முடித்த பிறகுதான் ட்வென்டியத் செஞ்சுரி பாக்ஸ் அதை விலைக்கு வாங்கியது. பாட்டுக்களை எழுதி மெட்டமைத்தவர் பால் வில்லியம்ஸ். தட்டில் மொத்தம் 10 பாட்டு. ஐம்பதுகளின் தெருமுனைக் கோஷ்டிகள் பாடிய மாதிரி ஒன்று. கடற்கரை வாலிபர்களின் கார் பாட்டு ஒன்று. முகத்தில் சாயத்தைப் பூசிக்கொண்டு பேய் வேஷத்தில் அலறும் ராக் ஒன்று. ஜெசிக்கா ஹார்ப்பர் தனியாக நின்று பாடும் சோகப் பாட்டு ஒன்று. சிலர் இதைக் கதம்பம் என்று மெச்சுகிறார்கள். வேறு சிலர் அதே வார்த்தையைச் சொல்லி முகத்தைச் சுளிக்கிறார்கள். இரண்டு சாராரும் படத்தின் கதையை மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் வாதம்.

கதை என்ன? வின்ஸ்லோ லீச் என்ற அப்பாவி, பவுஸ்டின் கதையை நீண்ட இசைக்கோவையாக எழுதி வைத்திருக்கிறான். ஸ்வான் என்ற இசைத்தட்டு முதலாளி அதைத் திருடிக்கொள்கிறான். நியாயம் கேட்கப் போனவனைச் சிறைக்கு அனுப்புகிறான். தப்பி வந்த வின்ஸ்லோவின் முகத்தை, தட்டு அச்சடிக்கிற யந்திரமே நசுக்கிவிடுகிறது, குரலும் போய்விடுகிறது. அவன் உயிரைக் கொடுத்து எழுதிய சங்கீதம் ஸ்வானின் புது அரங்கத்தில் கடற்கரைக் கோஷ்டியின் குதூகலப் பாட்டாக ஒத்திகை பார்க்கப்படுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தெருமுனைக் கோஷ்டி, கடற்கரைக் கோஷ்டி, பேய்க் கோஷ்டி மூன்றிலும் நடிப்பவர்கள் அதே மூன்று பேர்! தலைமயிரும் சட்டையும்தான் மாறுகின்றன. சந்தை எதைக் கேட்கிறதோ அந்தச் சட்டையை முதலாளி மாட்டிவிடுகிறான். ஆகவே அந்தத் தட்டில் ரகங்கள் மாறுவது நமக்கு விருந்து வைப்பதற்காக அல்ல. அது ஒரு குற்றப் பத்திரிகை. குற்றப் பத்திரிகையை வாசித்துவிட்டு, "ஆஹா, எத்தனை வகையான குற்றங்கள்!" என்று கைதட்டுகிறவனை என்னவென்று சொல்வது?

முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். துள்ளலான மெட்டு, கால் தானாகத் தாளம் போடும். விஷயமோ, தங்கையின் சிகிச்சைக்குப் பணம் வேண்டி, தான் செத்தால் தட்டு நன்றாக விற்குமென்று தற்கொலை செய்துகொள்கிற ஒரு பாடகனைப் பற்றியது. அந்த மெட்டை வேறு ரகத்தில் போட்டிருந்தால் விஷம் வெளியே தெரிந்துவிடும்.

வின்ஸ்லோவின் பவுஸ்ட் பாட்டு தட்டில் இரண்டு முறை வருகிறது. ஒன்று வின்ஸ்லோவாக நடித்த வில்லியம் பின்லியின் குரலில். மற்றது வில்லியம்ஸின் குரலில். ஏன்? படத்தில் ஸ்வான் அந்தச் சிதைந்த குரலை யந்திரங்களில் சலித்துச் சலித்து இனிமையாக்குகிறான். வெளியே வருவது வில்லியம்ஸின் குரல். ஸ்வானாக நடித்திருப்பவரும் வில்லியம்ஸேதான்! பறிகொடுத்தவனின் தொண்டையிலிருந்து திருடனின் குரல் வருகிறது. (பீப் என்ற பாத்திரத்துக்கு நடித்தவர் ஒருவர், பாடியவர் வேறொருவர். பின்னணிப் பாட்டில் ஊறிய நமக்கு அது ஓர் அதிசயமல்ல.)

வில்லியம்ஸ் சந்தையை அறியாத சன்னியாசியா என்றால் இல்லை. அவரும் ரோஜர் நிக்கல்ஸும் ஒரு வங்கியின் விளம்பரத்துக்காக எழுதிய பாட்டுத்தான் 1970-ல் கார்ப்பென்டர்ஸ் பாடி ஊரெல்லாம் ஒலித்தது. திருடனின் வேஷத்தைத் தாமே போட்டுக்கொண்ட நேர்மை அவரிடம் எனக்குப் பிடித்திருக்கிறது.

"ரசிகனுக்கு மாறுதல் வேண்டாமா?" என்று கேட்பார்கள். தெரிந்த கேள்விதான். ஒரு பத்திரிகை ஆசிரியர் என்னிடம், "கொஞ்சம் குடும்பம், கொஞ்சம் காதல், கொஞ்சம் மர்மம், வாராவாரம் எல்லாம் இருக்கட்டும்" என்று கேட்டதுண்டு. ஸ்வானைவிட மரியாதையாகத்தான் கேட்டார், காப்பியும் கொடுத்தார். ஆனால் எந்தப் பாத்திரத்துக்காக அந்த மர்மம் என்று நான் கேட்டபோது அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

வெறும் கேலியாக மட்டும் இருந்திருந்தால் இந்தத் தட்டும் மிமிக்ரிக் கச்சேரியாகப் போயிருக்கும். ஜெசிக்கா ஹார்ப்பர் பாடும் 'ஓல்ட் ஸோல்ஸ்' வரும்போது கேலி நின்றுவிடுகிறது. யாரைப் போலவும் பாடாத பாட்டு. பறிக்கப்பட்டது இதுதான் என்று அப்போதுதான் தெரிகிறது. முன்னால் கேட்ட வேஷங்களெல்லாம் அப்போதுதான் கசக்கின்றன.

படம் அமெரிக்காவில் ஓடவில்லை. கனடாவில் வின்னிபெக் நகரத்தில் மட்டும் மாதக்கணக்கில் ஓடியது. இசைக்கு ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. பரிசு 'தி கிரேட் கேட்ஸ்பி'க்குப் போயிற்று. பாரிஸில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த இரண்டு வாலிபர்கள் பிற்பாடு டாப்ட் பங்க் என்ற பெயரில் புகழடைந்தார்கள். 2013-ல் தங்கள் தட்டில் பாட வில்லியம்ஸை அழைத்தார்கள். 'டச்' என்ற அந்தப் பாட்டு எட்டு நிமிஷத்துக்குச் சற்று அதிகம். அதற்குள் பல தடவை ரகம் மாறுகிறது. கதம்பக்கார நண்பர்கள் அதைக் கேட்கும்போது, எத்தனை தடவை மாறுகிறது என்று எண்ணாமல், எந்த இடத்தில் எதற்காக மாறுகிறது என்று சொல்லட்டும்.