சின்னத்திரையும் எம் வீடும்

மக்ரிப் பாங்கு ஒலிக்கும்போது எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் சத்தம் குறைக்கப்படும். பாங்கு முடிந்ததும் பழையபடி கூட்டப்படும். தொடரின் அந்தக் காட்சி முடிந்த பிறகுதான் வுளூச் செய்ய எழுவோம். வெட்கப்பட வேண்டிய இந்த வழக்கத்தை நான் பெரிதாக எண்ணியதே இல்லை, என் தங்கையின் விளையாட்டைப் பார்க்கும் வரை.

சென்ற விடுமுறையில், ஏழு வயதான அவள் இரண்டு பொம்மைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஒன்று மாமி, மற்றையது மருமகள். மருமகள் பொம்மை பால் கோப்பையில் எதையோ கலந்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றது. "ஏன் தங்கச்சி அவ அப்படிச் செய்றா?" என்று கேட்டேன். "அவ கெட்டவ ராத்தா. அவ இல்லாட்டி கதையே இல்லையே" என்றாள்.

இன்றைய சினிமாவையும் சின்னத்திரையையும் குறை கூறுவோர் பெரும்பாலும் அரைகுறை ஆடைகளையும் ஆபாசப் பாடல்களையுமே சுட்டிக்காட்டுகின்றனர். அவை கண்டிக்கப்பட வேண்டியவையே. எனினும் அத்தகைய காட்சி வந்தால் வாப்பா உடனே அலைவரிசையை மாற்றிவிடுவார். ஒட்டுக் கேட்பதும், கோள் சொல்வதும், ஒரு குடும்பத்தைப் பிரிக்கத் திட்டமிடுவதும் திரையில் வரும்போது யாரும் மாற்றுவதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று ஆவலோடு காத்திருக்கிறோம். புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் மாமிசத்தை உண்பதற்கு ஒப்பிடுகிறது அல்குர்ஆன். அதையே இரவுச் சாப்பாட்டுடன் சேர்த்து ரசிக்கும் நிலைக்கு நாம் வந்துவிட்டோம்.

தொடர்கள் ஏன் இப்படி ஆகின? தமிழகத்தில் தயாராகி எம் வீடுகளுக்கு வரும் தொடர்கள் விளம்பர வருமானத்தை நம்பியே ஓடுகின்றன. பார்ப்போர் தொகை கூடினால் விளம்பரக் கட்டணமும் கூடும். ஆகவே கதை முடியக் கூடாது. ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால், மற்றவர் மன்னித்துவிட்டால் கதை முடிந்துவிடும். அதனால் பாத்திரங்கள் ஆண்டுக்கணக்கில் உண்மை பேசாமலும் மன்னிக்காமலும் வாழ்கின்றன.

அரை மணி நேரத் தொடர்கள் நான்கை வாரத்தில் ஐந்து நாட்கள் பார்த்தால் 10 மணித்தியாலங்கள். 40 நிமிடப் பாடவேளைகளாகக் கணக்கிட்டால் 15 பாடவேளைகள்! "பொழுதுபோக்குத்தானே" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் 15 பாடவேளைகள் ஒரே பாடத்தை நடத்தினால் பிள்ளை அதைக் கற்றுக்கொள்ளாதா?

கெட்டவள் இல்லாவிட்டால் கதை இல்லையா? ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்' (1997) என்ற திரைப்படம் இதற்கு நல்ல விடை. அலி என்னும் சிறுவன் தங்கை ஸஹ்ராவின் சப்பாத்தைத் தொலைத்துவிடுகிறான். புதியது வாங்க வீட்டில் வசதியில்லை. எனவே அவனது சப்பாத்தைக் காலையில் அவளும் பிற்பகலில் அவனுமாக அணிந்து பாடசாலை செல்கிறார்கள். ஒருநாள் தொலைந்த சப்பாத்தை இன்னொரு மாணவியின் காலில் ஸஹ்ரா காண்கிறாள். அண்ணனும் தங்கையும் அவளைத் தேடி வீடு வரை செல்கிறார்கள். அவளது தந்தை கண்பார்வையற்றவர் என்பதைக் கண்டதும் எதுவும் கேட்காமல் திரும்பிவிடுகிறார்கள். படத்தில் சூழ்ச்சிக்காரர் எவரும் இல்லை. ஆபாசமும் இல்லை. சிறந்த பிறமொழித் திரைப்படத்துக்கான ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதலாவது ஈரானியத் திரைப்படம் இதுவே.

இதைத் தங்கையுடன் பார்த்தேன். "ஏன் ராத்தா சப்பாத்தைக் கேட்காமப் போறாங்க?" என்றாள். சற்று நேரத்தில் அவளே, "அந்தப் பிள்ளையும் பாவம்தானே" என்றாள். நான் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

பெற்றோரே, தொலைக்காட்சியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் கூறவில்லை. பிள்ளைகள் பார்ப்பதை அவர்களுக்கு அருகில் அமர்ந்து நீங்களும் பாருங்கள். நல்லதைத் தேடிக் கொடுங்கள். தோழிகளே, பார்ப்போர் தொகைதான் இத்தொடர்களின் உயிர். அந்தத் தொகையில் நாமும் ஒருவராக இருக்க வேண்டுமா என்று சிந்திப்போம்.

எங்கள் வீட்டில் இப்போது மக்ரிப் பாங்கு ஒலித்தால் தொலைக்காட்சி அணைக்கப்படுகிறது. உம்மாவுக்கு ஒரேயொரு தொடர் மட்டும் மிச்சமிருக்கிறது. அதையும் விட்டுவிடுவார், இன்ஷா அல்லாஹ்!