பதிவான வேலையும் நடந்த வேலையும்

அங்கன்வாடி மையத்தில் ஒரு குழந்தையை எடை போடுவது எளிய காரியமன்று. அழும் குழந்தையைத் தாயின் கையிலிருந்து வாங்கி, கனத்த ஆடையைக் களைந்து, அது கைகால் உதறுவதை நிறுத்தி எடை நிலைகொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்டதெனில் படுக்கவைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க மற்றொருவர் கால்களை நீட்டி நீளத்தை அளக்க வேண்டும். எடை சென்ற மாதத்தைவிடக் குறைந்திருந்தால் உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? தாய் கூலி வேலைக்குத் திரும்பிவிட்டாரா? வீட்டில் அடுப்பு நாளொன்றுக்கு எத்தனை முறை எரிகிறது? இவற்றைக் கேட்டறிய அரைமணி நேரமும் போதாது. இதே வேலை கைப்பேசிச் செயலியில் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும்: ஓர் எண்ணைத் தட்டி, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மேலே அமர்ந்து பார்ப்பவருக்குத் தெரிவது இந்த ஒரு நிமிடம் மட்டுமே. அரைமணி நேரத்தைச் செலவிட்ட ஊழியரும் செலவிடாத ஊழியரும் அவர் திரையில் ஒன்றாகவே தெரிவார்கள்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. இன்று ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள் இயங்குகின்றன. சத்துணவு, முன்பருவக் கல்வி, வளர்ச்சிக் கண்காணிப்பு, தடுப்பூசி நாளுக்கு உதவி, வீடு தேடிச் சென்று ஆலோசனை என அத்தனையும் ஓர் ஊழியரும் ஓர் உதவியாளரும் சுமக்கிற பணிகள். தேர்தல், கணக்கெடுப்பு வேலைகள் இவற்றுக்கு மேலே. இந்தச் சுமையின் உச்சியில் 2021 மார்ச் மாதம் ‘போஷன் டிராக்கர்’ செயலி ஏற்றிவைக்கப்பட்டது. வருகை, சமைத்த உணவு, எடை, உயரம், வீட்டுச் சந்திப்பு எல்லாம் அன்றாடம் அதில் ஏற வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் அங்கன்வாடி ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, தங்களுக்கு வழங்கப்பட்ட கைப்பேசிகளை அரசிடமே திருப்பி ஒப்படைத்தார்கள். கருவி பழுதானது, செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது என்பன அவர்களது புகார்கள். வேலை செய்ய மறுக்கிறார்கள் என்று அவர்களைத் தூற்றியவர்கள், வேலை செய்ய விடுங்கள் என்பதே அவர்களது கோரிக்கை என்பதைக் கேட்கத் தயாராக இல்லை.

2025 ஜூலை 1 முதல் இதற்கும் மேலே சென்றார்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தரப்படும் உணவுப் பொருளுக்கு முக அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது. முதலில் ஆதார் விவரத்தோடு முகம் பொருந்த வேண்டும். அதற்கான கடவு எண் கைப்பேசிக்கு வரும். அந்தக் கைப்பேசி பிழைப்புத் தேடி சூரத்துக்கோ லூதியானாவுக்கோ போன கணவனின் சட்டைப் பையில் இருந்தால் என்ன செய்வது? சமிக்ஞை எட்டாத மலைக் கிராமத்தில் என்ன செய்வது? கர்ப்பிணியை அவர் பிறந்த நாள்முதலே அறிந்த ஊழியர், அவர் இன்னாரென்று இயந்திரம் ஒப்புக்கொள்ளும்வரை பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. திருட்டைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்கிறது ஒன்றிய அரசு. உணவுப் பொருள் கொள்முதலிலும் ஒப்பந்தங்களிலும் நடப்பதைப் பிடிக்க எந்தப் படக்கருவியும் பொருத்தப்படவில்லை. அது தாயின் முகத்தை நோக்கியே திருப்பப்பட்டிருக்கிறது.

இந்த உழைப்புக்குத் தரப்படுவது ‘மதிப்பூதியம்’. மதிப்பும் இல்லாத, ஊதியமும் ஆகாத ஒன்றுக்கு இப்படியொரு சொல் வாய்த்தது தமிழின் தவறன்று. 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு நிர்ணயித்த தொகை ஊழியருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. ஒன்றியத்தின் பங்கோ ஆண்டுகள் பல கடந்தும் அசையவில்லை. அப்போதே ஊழியர்களுக்கு இன்னொரு 500 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. அது அன்றைய கணினிச் செயலியைப் பயன்படுத்துவதற்கானது. மெலிந்த குழந்தையைத் தேற்றியதற்கு ஊக்கத்தொகை இல்லை, அதைப் பதிவேற்றியதற்கு உண்டு. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்ச ஊதியம் வழங்க வேண்டுமென்று 2013 இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. ஊதியம் கொடுக்க மனமில்லாத முதலாளி மேற்பார்வையை இறுக்குவது பழைய வழக்கம்தான்.

பதிவின் பலன் என்ன? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 19.3 விழுக்காட்டினர் உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்திருந்தனர். செயலியின் கணக்கை வைத்து அரசு நாடாளுமன்றத்தில் சொல்லிவரும் விகிதமோ 6 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஆய்வு வீடுகளில் மாதிரி எடுக்கிறது, செயலி மையத்தில் பதிவான குழந்தைகளை மட்டும் எண்ணுகிறது. ஆயினும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் அளவுக்கு இந்த நாட்டின் பசி எங்கே மறைந்தது? இலக்கு எட்டப்படாவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்ற நிலையில், திரை விரும்பும் எண்ணே திரையில் ஏறும்.

ஊரக வேலை உறுதித் திட்டத்திலும் இதே கதை நடந்தது. 2023 ஜனவரி 1 முதல் பணித்தளங்களில் நாளுக்கு இருமுறை தொழிலாளர்களைப் படமெடுத்துப் பதிவேற்றுவது கட்டாயமானது. காலையிலேயே தம் பங்கு மண்ணை வெட்டி முடித்தவரும் இரண்டாவது படத்துக்காக வெயிலில் காத்துக் கிடந்தார். 2025 ஜூலையில் அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: தொடர்பில்லாத படங்களும், படத்தையே எடுத்த படங்களும் ஏற்றப்படுகின்றனவாம். கண்ட தீர்வு, ஊராட்சி மட்டத்தில் எல்லாப் படங்களையும் ஒருவர் உட்கார்ந்து சரிபார்ப்பது. குளம் வெட்டும் வேலை படம் எடுக்கும் வேலையாகி, பின்னர் படம் பார்க்கும் வேலையாயிற்று.

இடதுசாரி அமைப்புகள் இந்த நோயை அறியாதவை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. எத்தனை கூட்டம், எத்தனை துண்டறிக்கை என்று நிரம்பி வழியும் மாத அறிக்கையில், எந்தத் தெருவில் எவருடைய மனம் மாறியது என்பதற்குக் கட்டம் இருப்பதில்லை. ஆனால் கிளைச் செயலாளர் பொய்யெண் எழுதினால் கெடுவது ஓர் அறிக்கை. ஒரு குழந்தையின் எடை பொய்யாக எழுதப்பட்டால் அக்குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் உணவும் மருத்துவமும் கிடைக்காமல் போகும்.

தாய் சேய் பாதுகாப்பு அட்டை என்றொரு காகித அட்டை உண்டு. குழந்தையின் எடையை மாதந்தோறும் அதிலுள்ள வளர்ச்சி வரைபடத்தில் புள்ளியாக வைத்து, புள்ளிகளைக் கோடாக இணைக்க வேண்டும். பச்சைப் பட்டையிலிருந்து கோடு கீழே சரிவதை எழுத்தறியாத தாயும் பார்க்கலாம், மாமியாரிடம் காட்டலாம், மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று கேள்வி கேட்கலாம். அந்த அட்டை தாயின் வீட்டிலேயே இருக்கும். செயலியின் எண் தலைநகருக்குப் போய்விடும். பதிவேற்றம் முடிந்து, முகச் சரிபார்ப்பு முடிந்து, மையத்தைப் பூட்டும் நேரத்தில், அந்தப் புள்ளியை வைக்க ஊழியருக்கு ஒரு பேனாவும் ஐந்து நிமிடமும் மிஞ்சவேண்டும். கைப்பேசிகளைத் திருப்பிக் கொடுத்த பெண்கள் கேட்டது ஏறத்தாழ அந்த ஐந்து நிமிடத்தைத்தான்.